மாரடைப்புக்குப் பின் இதயத்தில் ஜெல் ஊசி: எந்த நாள், எந்த வழி, எந்தப் பொருள்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் ஒருவருக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, வீடு திரும்பி இரண்டு வாரம் ஆகியிருக்கும். எக்கோ அறிக்கையில் இ.எஃப். 35 என்று எழுதியிருக்கும், அதாவது இடது கீழறை ஒரு துடிப்பில் தன்னுள் உள்ள ரத்தத்தில் 35 சதவீதத்தையே வெளியேற்றுகிறது. வெளிநாட்டில் இருக்கும் மருமகன் ஒரு செய்தி அனுப்புகிறார்: செத்துப்போன இதயத் தசையைச் சீராக்க ஜெல் ஊசி வந்திருக்கிறதாம். கடற்பாசியில் செய்தது ஒன்று, பன்றி இதயத்தில் செய்தது ஒன்று, ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்தது ஒன்று. "மாமாவுக்கு எது நல்லது?" ஃபீனிக்ஸ், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்களும் இதையே வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள்.

பொருளைக் கடைசியில் கேளுங்கள் என்பதுதான் எங்கள் பதில். மாரடைப்பு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பது முதல் கேள்வி. ஊசி எந்த வழியாக இதயத்துக்குள் போகிறது என்பது இரண்டாவது. ஜெல் எதனால் ஆனது என்பதை அதற்குப் பிறகு பார்த்தால் போதும். கடற்பாசியில் செய்த ஆல்ஜினேட் ஜெல்லே ஒரு வழியில் பலன் தராமல் போயிருக்கிறது, இன்னொரு வழியில் பலன் காட்டியிருக்கிறது, ஆனால் உயிர்ச்சேதத்தோடு. ஆகவே 'ஆல்ஜினேட் நல்லதா?' என்று மட்டும் கேட்டால் அதற்கு விடை கிடையாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த ஜெல்கள் எதுவும் வழக்கமான சிகிச்சையாக நிலைபெறவில்லை. பதிவு பெற்ற மருத்துவ ஆய்வில் சேர்ந்துதான் போட்டுக்கொள்ள முடியும். பணம் வாங்கிக்கொண்டு போடுகிறேன் என்று யாராவது முன்வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

## ஜெல் எதற்காக

பெரிய மாரடைப்பு ஒன்றில் நூறு கோடி அளவுக்கு இதயத் தசைச் செல்கள் சாகலாம். வயது வந்தவரின் இதயத்தில் புதிதாக முளைக்கும் தசைச் செல்கள் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதனால் அந்த இடத்தில் தசை வளராது, வடுதான் வரும். வடு மெலியும். மெலிந்த சுவர் உள்ளேயுள்ள ரத்த அழுத்தத்தைத் தாங்காமல் வெளிப்புறமாக விரியும், இடது கீழறை பலூன் போல உப்பும். சுவரில் விழும் இழுவிசை அழுத்தத்தையும் அறையின் ஆரத்தையும் பெருக்கி, சுவர்த் தடிமனின் இரண்டு மடங்கால் வகுத்தால் கிடைப்பது. ஆரம் கூடி தடிமன் குறைந்தால் இழுவிசை இரண்டு காரணத்தாலும் ஏறும். அது ஏற ஏற, பக்கத்தில் உயிரோடு இருக்கும் தசையும் களைத்துப்போகும்.

ஜெல்லை இரண்டு வேலைகளுக்கு நினைக்கிறார்கள். ஒன்று முட்டுக்கொடுப்பது: சுவருக்குள் ஒரு திண்டைப் போலத் தங்கி, தடிமனைக் கூட்டி இழுவிசையைக் குறைப்பது. 2006இல் வந்த ஒரு கணினி மாதிரி, கீழறைச் சுவர்க் கனஅளவில் 4.5 சதவீதம் மட்டும், தசையின் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்கு விறைப்புள்ள பொருளை வடுவின் ஓரப்பகுதியில் செலுத்தினால் தசைநார் இழுவிசை சுமார் 20 சதவீதம் குறையும் என்று காட்டியது. மற்றது அழைப்பு விடுப்பது: ரத்தக் குழாய்களையும் பழுதுபார்க்கும் செல்களையும் அந்த இடத்துக்கு வரவழைப்பது. எந்த ஜெல் எந்த வேலைக்கு என்பதை அறியாமல் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

## எதை வைத்து எடைபோடுவது

நாள். முதல் சில நாள்களில் திசு வீங்கி, அழற்சியோடு, குழாய்கள் கசியும் நிலையில் இருக்கும். இரண்டாம் வாரத்தில் வடு நெய்யத் தொடங்கும். இரண்டு மாதத்துக்குள் அது முதிர்ந்துவிடும். மூன்றும் வேறு வேறு மண். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் எலிகளில் நடந்த ஆய்வில், ஒரே செயற்கை ஜெல்லை உடனே போட்டால் அது மெல்லிய கீற்றுகளாகத் தசையிடையே பரவியது. ஒரு வாரம் கழித்துப் போட்டால் வடுவுக்குள் கட்டியாகத் தங்கி, சுவரைக் கூடுதலாகத் தடிக்க வைத்தது. அதே மருந்து, நாள்தான் வேறு.

வழி. மூன்று வழிகள் உண்டு. ஆஞ்சியோகிராம் செய்வது போல இதயத் தமனி வழியாகத் திரவமாக ஓடவிடுவது. தொடை வழியாகக் கதீட்டரைக் கீழறைக்குள் கொண்டுபோய் உள்ளிருந்து சுவரில் குத்துவது. நெஞ்சைத் திறந்து வெளியிலிருந்து குத்துவது. ஆபத்தும் இதே வரிசையில் ஏறுகிறது.

உறையும் நேரம். கதீட்டர் ஒரு மீட்டருக்கு மேல் நீளம், அதன் முனை ஊசி 27 கேஜ் அளவில் மெல்லியது. ஜெல் அதற்குள்ளேயே உறைந்தால் கதீட்டரை வெளியே எடுத்து மறுபடி தொடங்க வேண்டும். சுவருக்குள் போன பிறகும் உறையாவிட்டால் குத்திய துளை வழியாகவே பின்னால் கசிந்து அறைக்குள் விழும். அங்கிருந்து அது மூளைக்கும் போகலாம்.

தங்கும் காலம். மிக விரைவில் கரைந்தால் முட்டு போய்விடும். கரையவே கரையாவிட்டால் உடல் அதை அந்நியப் பொருளாக எண்ணிச் சுற்றி வளைத்துக்கொள்ளும்.

மனிதச் சான்று. எலியின் கீழறைச் சுவர் சுமார் 2 மி.மீ., மனிதருடையது சுமார் 10 மி.மீ. எலியில் தெரிந்த பலன் மனிதரிடம் மறைந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூலப்பொருள். விரதம், மதம், உணவு நெறி ஆகியவற்றோடு சம்பந்தப்பட்டது. இதைச் சின்ன விஷயமாக நாங்கள் நினைக்கவில்லை. கீழே தனியாகச் சொல்கிறோம்.

| | ஆல்ஜினேட், தமனி வழி | ஆல்ஜினேட், அறுவை வழி | பன்றி இதயத் திசு ஜெல் | செயற்கை ஜெல் |
|---|---|---|---|---|
| வேலை | முட்டு | முட்டு | அழைப்பு | முட்டு |
| நாள் | 2 முதல் 5 நாள் | நாள்பட்ட இதயச் செயலிழப்பு | 2 மாதம் முதல் 3 ஆண்டு வரை | எலி, செம்மறி ஆடு ஆய்வுகள் |
| மனித ஆய்வு | 303 பேர், பலன் இல்லை | 78 பேர், பலன் உண்டு, இழப்பும் உண்டு | 15 பேர், பாதுகாப்பை மட்டும் பார்த்தது | இன்னும் ஆய்வகத்தில் |
| பெரிய ஆபத்து | தமனி அடைப்பு | அறுவைச் சிகிச்சை மரணம் | சுவர் துளைபடுதல் | கரையாமல் தங்கி அழற்சி |
| மூலம் | கடற்பாசி | கடற்பாசி | பன்றி | வேதிப்பொருள் |

## ஆல்ஜினேட்: ஒரே பொருள், இரண்டு கதை

ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. கேப்பின் மேற்குக் கடற்கரையில் ஒதுங்கும் கெல்ப் பாசியைக் காயவைத்து இதே பொருளுக்காகப் பல ஆண்டுகளாக ஏற்றுமதி செய்து வந்திருக்கிறார்கள். கால்சியம் பட்டால் இறுகுவது இதன் குணம். மனித உடலில் இதைச் செரிக்கும் நொதி இல்லை. கால்சியம் மெல்ல வெளியேற, ஜெல் தளர்ந்து, சங்கிலிகள் அவிழ்ந்து சிறுநீரகம் வழியாகப் போகின்றன. நீளமான சங்கிலிகளைச் சிறுநீரகம் வடிகட்டாது, அதனால் மருத்துவ வகைக்குச் சிறு மூலக்கூறுகளையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

தமனி வழி முறை இஸ்ரேலில் பிறந்தது. 1 சதவீத சோடியம் ஆல்ஜினேட்டில் 0.3 சதவீத கால்சியம் குளுக்கோனேட் கலந்தால் தண்ணீர் போலவே இருக்கும். மாரடைப்புப் பகுதியில் கசியும் குழாய்கள் வழியாக அது திசுவுக்குள் இறங்கும். செத்த செல்கள் விட்ட கால்சியம் அங்கே மிகுந்திருப்பதால் அந்த இடத்தில் மட்டும் உறையும். அழகான யோசனை. முதலில் 27 பேருக்கு 2 மி.லி. கொடுத்துப் பார்த்தார்கள், பாதுகாப்பில் குறை தெரியவில்லை. பிறகு பெரிய மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வெற்றிகரமாக வைத்த 303 பேரை எடுத்து, சிலருக்கு ஜெல்லும் சிலருக்கு வெறும் உப்புநீரும் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து அளந்தால் இடது கீழறை விரிந்த அளவில் இரண்டு கூட்டத்துக்கும் வேறுபாடு இல்லை. முடிவு 2016இல் வெளியானது.

ஏன்? தமனி வழியாகப் போகும் ஜெல் எந்த இடத்தில் எவ்வளவு தங்கியது என்பதை யாராலும் நேராகக் கட்டுப்படுத்த முடியாது. ஸ்டென்ட் வைத்த பிறகும் நுண்குழாய்கள் அடைபட்டிருக்கும் இடங்களுக்குள் திரவம் நுழையாது, முட்டு மிகத் தேவையான இடமோ அதுதான். சோதனை விலங்கின் சுவர் மெல்லியது, மனிதரின் தடித்த சுவருக்கு அந்தச் சிறு அளவு ஜெல் போதாமலும் இருந்திருக்கலாம். இவை எங்கள் கணிப்புகள். ஆனால் முடிவு மாறாது: உப்புநீரைவிட மேலாக எதுவும் செய்யாத ஒன்றுக்காக யாரும் ஏங்கக் கூடாது.

அறுவை வழி முறை இதற்கு நேர் எதிர். இங்கே ஆல்ஜினேட் முன்கூட்டியே கெட்டியாக இருக்கும். இடது மார்பில் சிறு அறுவை செய்து, கீழறையின் நடுமட்டத்தில் வளையம்போல, ஒவ்வொன்றும் 0.3 மி.லி. என்று 10 முதல் 19 ஊசிகள் போடுவார்கள். இது புதிய மாரடைப்புக்கானது அல்ல. இ.எஃப். 35க்குக் கீழே இறங்கி, மாத்திரைகளும் கைகொடுக்காத நாள்பட்ட செயலிழப்புக்கானது. 78 பேரில் நடந்த ஆய்வில், ஜெல் பெற்றவர்களுக்கு உடற்பயிற்சியின்போது உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் ஓராண்டில் மற்றவர்களைவிடக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 மி.லி. அளவு கூடியிருந்தது. படியேறும்போது மூச்சிரைப்பதா இல்லையா என்பதில் அந்த அளவு தெரியும்.

ஆனால் ஊசி போட்டவர்களில் 8.6 சதவீதம் பேர் முதல் 30 நாளில் இறந்தார்கள், 35 பேரில் 3 பேர். இந்த எண்ணை யார் மறைத்தாலும் நீங்கள் கேட்டு வாங்குங்கள். கூடவே, யாருக்கு ஊசி போட்டோம் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரிந்தே இருந்தது. மார்பில் தழும்போடு வீடு போனவர் நடைப் பரிசோதனையில் கூடுதல் உற்சாகத்தோடு நடப்பது இயல்பு. ஆகவே பலனின் எண்ணைக் கொஞ்சம் குறைத்தும், இறப்பின் எண்ணை அப்படியேயும் வைத்துப் பார்ப்பதே நியாயம்.

## பன்றி இதயத் திசு ஜெல்

பன்றியின் இடது கீழறைத் தசையைச் சிறு துண்டுகளாக வெட்டி, சோப்பு போன்ற கரைசலில் நாள்கணக்கில் கழுவி, செல்கள் அனைத்தையும் நீக்கிவிடுகிறார்கள். மிஞ்சும் வெள்ளைச் சட்டகத்தை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி, அமிலத்தில் பெப்சின் நொதியால் கரைத்து, பிறகு அமிலத்தன்மையை நடுநிலைக்குக் கொண்டுவருகிறார்கள். உடல் வெப்பமான 37 பாகையில் அது தானே வலைபோல உறையும். கழுவியது போதாவிட்டால் பன்றியின் டி.என்.ஏ. மிஞ்சி நோய் எதிர்ப்பைத் தூண்டும், அதிகம் கழுவினால் சட்டகத்தின் நல்ல பொருள்களும் போய்விடும். ஒரு மில்லிகிராம் உலர்பொருளுக்கு 50 நானோகிராமுக்குக் குறைவாக டி.என்.ஏ. இருக்க வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றும் அளவுகோல்.

இந்த ஜெல் மிக மென்மையானது. சுவரைத் தாங்கும் வலு அதற்குக் கிடையாது, இதன் வேலை அழைப்பு விடுப்பதுதான். கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் உருவான வென்ட்ரிஜெல் என்ற வகையை, மாரடைப்பு வந்து இரண்டு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை ஆன 15 பேருக்குக் கதீட்டரால் உள்ளிருந்து போட்டுப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்கு 0.3 மி.லி. வீதம் அதிகபட்சம் 18 ஊசிகள். எங்கே வடு, எங்கே உயிருள்ள தசை என்று மின்வரைபடம் எடுத்துக்கொண்டே குத்தினார்கள். நடை தூரம் கூடியதாகப் பதிவானது. ஆனால் ஒப்பிட மற்றொரு கூட்டம் இல்லாத ஆய்வு அது. 'பாதுகாப்பாகப் போட முடிகிறது' என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம், 'குணமாக்குகிறது' என்று அல்ல.

உள்ளிருந்து குத்தும்போது என்ன தவறும்? ஊசி சுவரைக் கடந்துவிட்டால் இதய உறைக்குள் ரத்தம் கட்டி, நிமிடங்களில் இதயத்தை நெரிக்கும். உடனே வடித்தாக வேண்டும், அதற்கு ஆள் தயாராக இருக்கும் மருத்துவமனையில்தான் இதைச் செய்யலாம். மெலிந்த சுவரில் குத்தக் கூடாது. அறைக்குள் ரத்தக்கட்டி இருந்தால் கதீட்டரே உள்ளே போகக் கூடாது, கட்டி நகர்ந்து பக்கவாதம் வரும். பெருந்தமனி வால்வு இருந்த இடத்தில் உலோக வால்வு வைத்தவருக்கும் இந்த வழி அடைபட்டதே.

இதே குழுவினர் ஜெல்லைச் சுழற்றிப் பிரித்து, தமனி வழியே ஓடவிடும் நீர்த்த வடிவத்தையும் எலியிலும் பன்றியிலும் சோதித்திருக்கிறார்கள். கசியும் குழாய்ச்சுவரில் அது ஒட்டிக்கொள்கிறது. முதல் வாரத்துக்கு எதிர்காலத்தில் ஏதாவது வரும் என்றால் இந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கிறோம்.

மூலப்பொருள் பற்றி: இஸ்லாமிய உறவினர்களும் சைவ உணவு நெறி காப்பவர்களும் பன்றி என்றதும் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை மருத்துவர் முன் வெளிப்படையாகச் சொல்லுங்கள், அது காரணமாக மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ஒன்றை அறிந்து முடிவெடுங்கள்: ஆஞ்சியோகிராமின்போது ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து எடுப்பதே. ஸ்டென்ட் வைத்தவர் பெரும்பாலும் அதை ஏற்கெனவே பெற்றிருப்பார்.

## செயற்கை ஜெல்கள், ஃபைப்ரின், கொலாஜன்

பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளில் செய்த ஜெல்லின் சிறப்பு, விறைப்பையும் கரையும் வேகத்தையும் வேண்டியபடி அமைக்கலாம் என்பது. கேப் டவுனில் எலிகளுக்குக் கரையாத வகையைப் போட்டபோது நான்காம் வாரத்தில் அறை விரிவது குறைந்தது. 13ஆம் வாரத்தில் அந்தப் பலன் காணாமல் போயிருந்தது. கெட்டியாக நிற்பது மட்டும் போதாது என்பதை இந்தத் துறைக்கு முதலில் உணர்த்திய ஆய்வுகளில் அது ஒன்று. ஹைலூரோனிக் அமிலத்தில் செய்த விறைப்பான ஜெல், சுமார் 43 கிலோபாஸ்கல் அளவுக்கு, செம்மறி ஆடுகளில் மென்மையான ஜெல்லைவிட வடுவைச் சிறிதாக வைத்தது. நம்பிக்கை தரும் பாதைதான், ஆனால் நோயாளிக்கு இன்று எடுக்க வேண்டிய முடிவு எதுவும் இங்கே இல்லை.

ரத்தக்கட்டியை உண்டாக்கும் புரதமான ஃபைப்ரின் நொடிகளில் உறைவதால் இரட்டைக் குழல் வேண்டும். தோலிலும் வடுவிலும் உள்ள புரதமான கொலாஜன் சீக்கிரம் கரைந்துவிடும். இரண்டையும் தாண்டிப் போய்விடலாம்.

## ஜெல் வேண்டாம் என்பதும் ஒரு தேர்வு

இதைக் கடைசித் தேர்வாக நினைக்காதீர்கள், பெரும்பாலோருக்கு இதுவே முதல் தேர்வு. அடைப்பை 120 நிமிடத்துக்குள் ஸ்டென்ட் வைத்துத் திறப்பது, அது முடியாத தூரத்தில் இருந்தால் உடனே கட்டி கரைக்கும் மருந்து போடுவது: எந்த ஜெல்லும் காப்பாற்ற முடியாத தசையை இவை காப்பாற்றுகின்றன. இ.எஃப். குறைந்தவருக்கு அதன்பின் நான்கு வகை மருந்துகள்: பீட்டா தடுப்பான், ஏ.சி.இ. தடுப்பான் அல்லது சக்குபிட்ரில் கலந்த மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன் வகை, டபாக்லிஃப்ளோசின் அல்லது எம்பாக்லிஃப்ளோசின். ஆயிரக்கணக்கானோரில் சோதித்து, இறப்பைக் குறைப்பதாக நிறுவப்பட்டவை இவை. ஜெல் எதற்கும் அந்தச் சான்று இல்லை.

நம் வீடுகளில் தவறுவது வேறு இடத்தில். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்கள் மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். பீட்டா தடுப்பானைத் திடீரென நிறுத்தக் கூடாது. டபாக்லிஃப்ளோசினோ நேர்மாறு: நீண்ட நேரம் சாப்பிடாமல் இருந்துகொண்டு அதைத் தொடர்ந்தால், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிக்கு, ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

## கண்ணில் படாத செலவுகள்

ஆய்வில் ஜெல் இலவசம். ஆனால் திரும்பத் திரும்ப எக்கோ, எம்.ஆர்.ஐ., நடைப் பரிசோதனை என்று ஓராண்டாவது போக வேண்டியிருக்கும். ஆய்வு கேப் டவுனில் நடந்தால் டர்பனிலிருந்து சாலை வழி 1,600 கி.மீ.க்கு மேல், கூட ஒருவர் வேலையை விட்டு வர வேண்டும். தென்னாப்பிரிக்க நெறிமுறைப்படி நேரம், சிரமம், செலவு மூன்றுக்கும் ஈடு தர வேண்டும், பாதிப்பு நேர்ந்தால் காப்பீடும் இருக்க வேண்டும். இவை ஒப்புதல் படிவத்தில் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தாத்தாவுக்குத் தமிழில்தான் விளங்கும் என்றால் அவருக்கு விளங்கும் மொழியில் விளக்கம் கேட்பதும் உரிமை. ஆய்வுக்கு நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாஃப்ராவின் அனுமதியும் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எண்ணும் உண்டா என்பதை முதல் நாளே கேளுங்கள். மாரடைப்புச் சிகிச்சைக்கு மெடிக்கல் எய்ட் எனும் தனியார் மருத்துவக் காப்பீடு பணம் தரும் என்பதால், சோதனை நிலையிலுள்ள ஜெல்லுக்கும் தரும் என்று எண்ண வேண்டாம்.

ஒரு ஆய்வில் ஜெல் போட்டவரை அடுத்த ஆய்வு பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளாது. மார்பில் ஐ.சி.டி. கருவி (இதயத் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் மின்னதிர்வு தந்து சரிசெய்வது) வைத்த பிறகு எம்.ஆர்.ஐ. படத்தில் இடது பக்கம் மங்கும், அதனால் தொடக்கப் படத்தைக் கருவிக்கு முன் எடுப்பது நல்லது. ஆனால் ஆய்வுக்காகக் கருவியைத் தள்ளிப்போடவே கூடாது.

## யாருக்கு எது

மாரடைப்பு வந்து ஒரு வாரம் ஆகாதவர்: ஜெல் பேச்சே வேண்டாம். தமனி வழி ஆல்ஜினேட்டுக்கு விடை வந்துவிட்டது.

இரண்டு மாதம் கடந்தவர், நான்கு மருந்துகளும் முழு அளவில் எடுத்தும் இ.எஃப். 25க்கும் 45க்கும் இடையில் நிற்பவர், அறைக்குள் கட்டி இல்லாதவர், பன்றி மூலத்தை ஏற்பவர்: கதீட்டர் வழித் திசு ஜெல்லை ஒப்பீட்டுக் கூட்டத்தோடு சோதிக்கும் ஆய்வு கிடைத்தால் சேர்வது நியாயமானது. உங்களுக்கு உப்புநீரே விழலாம் என்பதை ஏற்றுக்கொண்டு சேருங்கள்.

நாள்பட்ட செயலிழப்பில், வேறு காரணத்துக்காக எப்படியும் நெஞ்சு அறுவை தேவைப்படுபவர்: அறுவை வழி ஆல்ஜினேட்டை அப்போது மட்டும் யோசிக்கலாம். ஜெல்லுக்காக மட்டும் நெஞ்சைத் திறப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

எந்த வகையினரானாலும், மாரடைப்பிலிருந்து 40 நாள் கடந்ததும் எக்கோவை மறுபடி எடுங்கள், ஐ.சி.டி. தேவையா என்பதும் அதை வைத்தே தீரும். கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுதூலி மருத்துவமனைக்கோ வேறெங்கோ இரண்டாம் கருத்துக்குப் போனால், டிஸ்சார்ஜ் சுருக்கம், ஆஞ்சியோகிராம் குறுந்தட்டு, கிரியேட்டினின் அளவு ஆகியவற்றோடு அந்த எக்கோவையும் எடுத்துப்போங்கள். வடு இருக்கும் இடத்தின் சுவர்த் தடிமனை மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். உள்ளிருந்து குத்தும் ஊசிக்கு அங்கே இடம் உண்டா என்று மருத்துவர் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.